ரூட் மட்டும் படிக்கலாம்

உங்கள் விசாரணை அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை, வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. வந்து உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தேன். நல்ல ஏற்பாடு. யார் பூட்டலாம், யார் திறக்கலாம் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். பல அலுவலகங்களில் அந்த யோசனையே கிடையாது.

தச்சர் இறந்த விஷயமாகப் பேச வேண்டும் என்று வாசலில் சொன்னேன். நானாகத்தான் வந்தேன். தண்ணீர் வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன். நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொண்டால் போதும். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும். வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

பத்தொன்பது வருடம் ஆம்புலன்ஸ் சேவையில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அங்கே 'பூட்டு' என்று பெயர். டிரைவர்கள் வைத்த பெயர். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பூட்டு என்பது திட்டு அல்ல. நான் வந்தபோது அந்த இடம் சந்தைக்கடை மாதிரி இருந்தது. யார் வேண்டுமானாலும் எந்த ஃபைலையும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். ஒருமுறை ஒரு பயிற்சியாளர் வண்டிகளின் பட்டியலையே அழித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். அதையெல்லாம் ஒவ்வொன்றாக ஒழுங்கு செய்தது நான்.

எங்கள் சர்வர்கள் ஓடும் லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று கேள்வி உண்டு. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம். அந்த மூன்றையும் மூன்று தரப்பாருக்குக் கேட்க வேண்டும். ஃபைலின் சொந்தக்காரர், அவரைச் சேர்ந்த குழு, மற்ற எல்லோரும். ஆக ஒன்பது பதில். இதைத்தான் பர்மிஷன் என்கிறோம். ரூட் என்று ஒரு பயனர் உண்டு, அவருக்கு இந்தக் கேள்வி எதுவும் பொருந்தாது. அவர் எல்லாவற்றையும் படிப்பார். நான் நாற்பது பக்கத்துக்கு ஒரு கையேடு எழுதினேன். எந்த ஃபைலுக்கு என்ன பர்மிஷன், ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு எழுதியிருந்தேன். ஒரு மனிதன் தன் பிள்ளைக்குக்கூட அவ்வளவு பொறுமையாக எதையும் எழுதிக் கொடுத்திருக்கமாட்டான்.

அந்த நாற்பது பக்கத்தில் பதினொரு பக்கம் டி.என்.எஸ். சர்வருக்கு. பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைச் சொல்லும் சர்வர் அது. ஆம்புலன்ஸ் டிரைவரின் டேப்லெட், கன்ட்ரோல் ரூம் எங்கே இருக்கிறது என்று அதைத்தான் கேட்கும். அது சொன்னால்தான் டேப்லெட்டுக்கு நோயாளியின் முகவரி வரும். நடுவில் எவனாவது புகுந்து பொய் பதில் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு பதிலுக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்பும்படி ஏற்பாடு செய்தேன். கையெழுத்துப் போட ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி ஒரு ஃபைலில் இருக்கிறது. டி.என்.எஸ். சர்வீஸ், அதாவது அந்தப் பதில்களைச் சொல்லும் நிரல், ரூட்டாக ஓடாது, தனக்கென்று ஒரு சாதாரணப் பயனர் கணக்கில் ஓடும். அது மட்டும் அந்த ஃபைலைப் படிக்க வேண்டும், வேறு யாரும் படிக்கக் கூடாது. கையெழுத்தின் ஆயுள் பதினான்கு நாள். தீர்வதற்கு ஐந்து நாள் இருக்கும்போதே சர்வீஸ் சாவியைப் படித்துப் புதிதாகக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளும். காலாவதியான கையெழுத்தோடு வரும் பதிலை டேப்லெட்டுகள் நம்பாது. எதுவும் வரவில்லை என்பது போலத் தள்ளிவிடும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தொழில்நுட்பம் இவ்வளவுதான்.

இனி என் மைத்துனன்.

என் மனைவியின் தம்பி. நாலு வருடம் முன்பு வேலை இல்லாமல் எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்துக் கிடந்தவன். மனைவி தினமும் என் முகத்தைப் பார்ப்பாள். நான்தான் நிர்வாகத்திடம் பேசி உள்ளே சேர்த்துவிட்டேன். கெட்டிக்காரன், அதை மறுக்கவில்லை. வாய் கெட்டிக்காரன். கூட்டங்களில் வண்ண வண்ணமாகப் படம் போட்டுக் காட்டுவான், மேலே இருப்பவர்கள் சொக்கிப் போவார்கள். போன வருடம் எங்கள் பிரிவுக்கு அவனையே தலைவனாகப் போட்டார்கள். எனக்கு மேலே.

மனைவி பாயசம் வைக்காத குறையாகச் சந்தோஷப்பட்டாள். "உங்க கை ராசிதாங்க. நீங்க சேத்து விட்டீங்க, அவன் எங்கேயோ போயிட்டான்" என்றாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எப்படி வரவழைத்தேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அவன் தலைவனான முதல் வாரம் ஒரு கூட்டம். இருபது பேர் இருப்போம். என் கையேட்டைச் சுவரில் போட்டுக் காட்டினான். பதினேழாம் பக்கம். "பாருங்க, ஒரு ஃபைல தொடறதுக்கு ஒன்றரைப் பக்கம் நிபந்தனை. நம்ம சீனியருக்குக் கல்யாணம் ஆனப்ப எங்க அக்காவுக்கும் இப்படி ஒண்ணு எழுதிக் குடுத்திருப்பாருன்னு நெனைக்கிறேன்" என்றான். அறை முழுக்கச் சிரித்தது. கன்ட்ரோல் ரூமில் அழைப்பு எடுக்கும் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண். என்னைப் 'பூட்டு அண்ணே' என்று வாய் நிறையக் கூப்பிடுகிற ஒரே ஆள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அவன் என் தோளில் கை போட்டான். "தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா கலகலப்புக்குத்தான். அப்புறம், இங்க அத்தான்னு கூப்பிட்டா ஆளுங்க ஒரு மாதிரி பேசுவாங்க. ஆபீஸ்ல சீனியர்னே கூப்பிடறேன், சரியா?" என்றான்.

சரி என்றேன். நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள், நான் எப்போதும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்றால் கத்துவது, எதையாவது தூக்கிப் போட்டு உடைப்பது என்று நினைக்கிறார்கள். என்னுடையது அப்படிப்பட்டது அல்ல. அது குக்கர் அடுப்பில் இருப்பது மாதிரி உள்ளேயே இருக்கும். வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் படுத்தேன். காலையில் எழுந்தபோதும் அது அப்படியே இருந்தது. பதினொரு மாதமும் அப்படியே இருந்தது.

பிறகு அவன் டிக்கெட் முறையைக் கொண்டுவந்தான். எந்த வேலையானாலும் இணையப் பக்கத்தில் ஒரு டிக்கெட் போட வேண்டும், என்ன மாற்றம் என்று எழுத வேண்டும், அவன் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். டிக்கெட் இல்லாமல் தொடுகிறவருக்கு எச்சரிக்கைக் கடிதம். முறை நல்ல முறைதான். நானே பல வருடமாகக் கேட்டதுதான். ஆனால் முதல் எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. வட்டு நிறைந்து ஒரு சர்வர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது, பழைய பதிவுகளை அகற்றினேன். டிக்கெட் போடவில்லை. பத்தொன்பது வருடத்தில் எனக்கு வந்த முதல் கடிதம். கீழே என் மைத்துனனின் கையெழுத்து. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, "அத்தான், சோறு பிரமாதம்" என்று இரண்டாம் முறை போட்டுக்கொண்டான்.

கடைசியாக நடந்தது இது. ஒரு வெளி நிறுவனத்து ஆட்கள் புது மென்பொருள் ஒன்று போட வந்தார்கள். அது டி.என்.எஸ். சர்வரில் ஏதோ ஒரு இடத்தில் எழுதப் பார்த்தது, பர்மிஷன் இல்லை. என்னிடம் வந்து கேட்டிருந்தால் அந்த ஒரு இடத்தை மட்டும் ஐந்து நிமிடத்தில் திறந்துவிட்டிருப்பேன். கேட்கவில்லை. அவனே ரூட்டாக உள்ளே போய், அந்த மொத்த ஃபோல்டருக்கும் ஏழு ஏழு ஏழு என்று அடித்துவிட்டான். அந்த எண்ணுக்கு அர்த்தம், எல்லோரும் படிக்கலாம், எல்லோரும் எழுதலாம், எல்லோரும் இயக்கலாம். சாவி ஃபைலும் அதில் அடக்கம். அவன் டிக்கெட் எதுவும் போடவில்லை.

மறுநாள் காலை பார்த்தேன். பத்தொன்பது வருட வேலை ஒரு வரியில் போயிருந்தது. அவன் அறைக்குப் போனேன். ஃபோனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான், உட்காரச் சொல்லி விரலைக் காட்டினான். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"சாவி ஃபைல் ஊருக்கே திறந்து கிடக்கு" என்றேன்.

"யாரு வந்து எடுக்கப் போறா, சீனியர்? வேலை நடந்துச்சா இல்லையா, அதப் பாருங்க."

"மூடணும்."

"மூடுங்க. டிக்கெட் போட்டுட்டு மூடுங்க. எத்தனையோ இருக்கு, நான் எல்லாத்தையும் உக்காந்து படிச்சிட்டு இருக்க முடியாது."

படிக்க முடியாது என்று அவன் வாயாலேயே சொன்னான். அங்கே நின்றபடியே நான் முடிவு செய்துவிட்டேன். அதை மறைக்க ஒன்றுமில்லை.

டிக்கெட் போட்டேன். தலைப்பு: 'சாவி ஃபைல், ரூட் மட்டும் படிக்கலாம்.' கீழே தெளிவாக எழுதினேன். சொந்தக்காரர் ரூட், குழு ரூட், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. சர்வீஸ் ரூட்டாக ஓடவில்லை என்று உங்களுக்கு முன்பே சொன்னேன் அல்லவா. ஆக அந்த மாற்றத்துக்குப் பிறகு சர்வீஸாலும் சாவியைப் படிக்க முடியாது. அடுத்த கையெழுத்தைப் போட முடியாது. என் கையேட்டைத் திறந்து அந்தப் பதினொரு பக்கத்தைப் புரட்டியவனுக்கு டிக்கெட்டைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்திருக்கும். அவன் ஒன்பது வினாடியில் ஒப்புதல் கொடுத்தான். அந்த நேரம் பதிவில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

செவ்வாய்க்கிழமை அதைச் செய்தேன். புதன்கிழமை சர்வீஸ் கையெழுத்தைப் புதுப்பிக்கப் போய், முடியாமல் திரும்பியது. பழைய கையெழுத்துக்கு இன்னும் ஐந்து நாள் ஆயுள் இருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. சர்வர் தானே எழுதிக்கொள்ளும் லாகில் மட்டும் மணிக்கு ஒரு முறை விழுந்தது: சாவியைப் படிக்க முடியவில்லை, பர்மிஷன் இல்லை. நூற்றுப் பத்து வரிக்கு மேல் இருக்கும். தலைவன் என்கிறவன் ஒரு வரியையாவது பார்க்க வேண்டாமா. நான் தினமும் பார்த்தேன். காலையில் ஒரு முறை, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு முறை. அவனுக்கு ஐந்து முழு நாள் கொடுத்தேன் என்றுகூட நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

திங்கள்கிழமை விடுப்பு எடுத்தேன். விடுப்புக்கும் அவன்தான் ஒப்புதல் கொடுத்தான்.

கையெழுத்து காலாவதியாக வேண்டிய நேரம் காலை பத்து முப்பத்தெட்டு. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி எதிரே உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லி சர்வரைக் கூப்பிட்டால் கிடைக்காது, எனக்கு எண் மனப்பாடம் என்பதால் எண்ணை வைத்தே உள்ளே போனேன். பத்து முப்பத்தெட்டுக்குப் பெயர்கள் போயின. முதலில் வண்டிகளின் டேப்லெட், பிறகு கன்ட்ரோல் ரூம் திரை, பிறகு மற்றவை. நான் கணக்குப் போட்டது போலவே, அதே வரிசையில். உண்மையைச் சொன்னால் மனசுக்கு இதமாக இருந்தது. பதினொரு மாதமாக இருந்த அடைப்பு நீங்கியது போல இருந்தது.

என் திட்டம் என்ன என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் திணற வேண்டும். வெளி நிறுவனத்துக்கு ஃபோன் போட்டு, அவர்களும் கையைப் பிசைந்து, கடைசியில் என்னைக் கூப்பிட வேண்டும். இருபது பேர் பார்க்க, அத்தான் வாங்க, வந்து சரி பண்ணிக் குடுங்க என்று கேட்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும் என்று நினைத்தேன். கன்ட்ரோல் ரூமில் டிரைவர்களோடு பேசுகிற பழைய வயர்லெஸ் பெட்டி இருந்தால் அந்த நேரத்தை அவர்கள் அதை வைத்தே ஓட்டியிருப்பார்கள். அதைக் கழற்றி எடுத்தவன் அவன். இடத்தை அடைக்கிறதாம். அது கழற்றப்பட்டது எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். கழற்றியதற்கு ரசீது போட்டவனே நான்தான்.

பத்து ஐம்பத்தொன்றுக்கு ஃபோன் வந்தது. அவன் இல்லை. கன்ட்ரோல் ரூம் பெண்.

"பூட்டு அண்ணே, லீவுல கூப்பிடறேன்னு கோச்சுக்காதீங்க. ஸ்க்ரீன் எதுவுமே வரல. வண்டி எங்க இருக்குன்னே தெரியல. இங்க ஒரு கேஸ் இருக்குண்ணே. தச்சு வேலை செய்றவரு, வெட்டற மெஷின் தொடையில இறங்கிடுச்சாம். அவரு பொண்டாட்டி லைன்ல இருக்காங்க. ரத்தம் நிக்கலன்னு அழறாங்க."

"டிரைவருங்க ஃபோன் நம்பர்?"

"அதும் ஸ்க்ரீன்லதாண்ணே. மனப்பாடமா ரெண்டு நம்பர்தான் தெரியும். ஒருத்தரு ட்யூட்டில இல்ல, இன்னொருத்தரு ஊருக்கு அந்தக் கடைசியில. உங்களால ஏதாவது பண்ண முடியுமா?"

அவள் நிதானமாகத்தான் பேசினாள். பயிற்சி அப்படி. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது.

"டிக்கெட் இல்லாம தொட எனக்கு பர்மிஷன் இல்லம்மா" என்றேன். "உங்க தலைவர்கிட்ட சொல்லி ஒரு டிக்கெட் போடச் சொல்லுங்க."

அது அவன் போட்ட விதி. அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் டிக்கெட் போடுகிற பக்கமும் அதே டி.என்.எஸ். சர்வரை நம்பித்தான் இருந்தது. அதுவும் திறக்காது. இது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

நான் ஒன்றும் கல் மனதுக்காரன் இல்லை. அவள் ஃபோனை வைப்பதற்கு முன், "காயத்துக்கு மேல துணியால நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லுங்க. துணி நனைஞ்சா அவுக்கக் கூடாது, அதுக்கு மேலேயே இன்னொண்ணு வைக்கணும்" என்றேன். சரிண்ணே என்றாள். உங்கள் விசாரணை அறிக்கையில் இது வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

பதினொன்று மூன்றுக்கு மறுபடி அவளே. "அண்ணே, பக்கத்து வீட்டுக்காரரு வேன்ல தூக்கிப் போட்டுட்டுப் போகட்டுமான்னு கேக்கறாங்க. அசைக்காதீங்க, வண்டி வந்துட்டே இருக்குன்னு சொல்லியிருக்கேன். அப்படித்தான சொல்லச் சொல்லியிருக்காங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"தலைவர் என்ன சொல்றாரு?"

"சர்வர ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு இருக்காரு. உங்களக் கேக்கலாமான்னு சொன்னேன். வேணாம்னாரு."

வேண்டாமாம். ஒரு ஆள் ரத்தம் கொட்டிக்கொண்டு கிடக்கிறார், அப்போதும் இவனுக்கு என்னைக் கேட்பது வேண்டாம். எவ்வளவு திமிர் இருந்தால் ஒரு மனிதன் அப்படிச் சொல்லுவான். அந்தத் தச்சரின் உயிரைவிட அவனுக்கு அவன் கௌரவம் பெரிதாகப் போய்விட்டது. இதை நீங்கள் யாரும் அவனிடம் கேட்கவே இல்லை.

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். வேனில் கொண்டுபோகச் சொல்லலாமா, காத்திருக்கச் சொல்லலாமா. "கொஞ்சம் பொறுங்க, வந்துடும்" என்றேன்.

பதினொன்று பத்துக்கு அவன் அழைத்தான். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினான்: 'லாகின் பண்ணிப் பாருங்க, அர்ஜென்ட்.' அவ்வளவுதான். கடைக்காரனிடம் உப்பு கேட்பதுபோல. அத்தான் இல்லை, சீனியர்கூட இல்லை. ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"யாருங்க?" என்றாள் மனைவி.

"ஆபீஸ்."

"தம்பியா? எடுங்களேன். ஏதோ அவசரமா இருக்கப் போகுது."

"கேக்கற மாதிரி கேக்கட்டும், எடுக்கறேன்."

அவள் என் சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். பதினொன்று இருபத்தாறுக்கு மறுபடி அடித்தது. அவளே எடுத்து என் காதருகே நீட்டினாள். அவன் அழுதுகொண்டிருந்தான். பின்னால் கன்ட்ரோல் ரூம் சத்தம் கேட்டது. எல்லோரும் அங்கே இருந்தார்கள் என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது.

"அத்தான், தப்பா இருந்தா மன்னிச்சுடுங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஒரு ஆளு சாகப் போறாரு. கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க அத்தான்."

சிக்னல் சரியில்லை, திரும்பச் சொல்லு என்றேன். அவன் திரும்பச் சொன்னான், இன்னும் சத்தமாக. சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பதினொன்று இருபத்தொன்பதுக்குச் சரி செய்தேன். இரண்டு நிமிடத்தில் பெயர்கள் திரும்பின. தச்சர் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு வண்டி சும்மா நின்றுகொண்டிருந்ததாம். அது போய்ச் சேர்ந்து அவரை ஏற்றியது. ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போனது. இருபது நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னதை நானும் படித்தேன்.

அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நியாயம்தான். ஏழு ஏழு ஏழு அடித்தது, வயர்லெஸ்ஸைக் கழற்றியது, படிக்காமல் ஒப்புதல் கொடுத்தது எல்லாம் அவன்தானே. எனக்குக் கடைசி நிமிடத்தில் காப்பாற்றியவன் என்று பெயர். கன்ட்ரோல் ரூம் பெண் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. அவள்தான் வேனில் போக வேண்டாம் என்று சொன்னவள், அதை நினைத்து நினைத்து வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். பாவம். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நான் இன்று வந்ததற்குக் காரணம் உங்கள் அறிக்கை. நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. அதில் என்னைப் பற்றி ஒரே ஒரு பத்தி. 'நிர்வாகி நல்லெண்ணத்தோடு, ஆனால் போதிய தொழில்நுட்ப அறிவு இல்லாமல், சாவி ஃபைலின் பர்மிஷனைத் தவறாக மாற்றிவிட்டார். சர்வீஸ் தனிப் பயனராக ஓடுவதை அவர் அறிந்திருக்கவில்லை.' அதோடு என்னை ஆரம்ப நிலைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பவும் பரிந்துரை. மனைவி அதைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. உங்களுக்குத் தெரியாமத்தான நடந்துச்சு" என்றாள். ராத்திரி முழுக்க அந்த வார்த்தை காதில் ஓடிக்கொண்டே இருந்தது. பத்தொன்பது வருடம் அந்தச் சர்வீஸை நடத்தியவனுக்கு, அது எந்தப் பயனராக ஓடுகிறது என்று தெரியாதாம். யார் எழுதினாரோ அவருக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்க வேண்டாமா.

திருத்திக்கொள்ளுங்கள். சரி செய்கிற அந்த ஒரு வரியை நான் பதினொன்று இருபத்தொன்பதுக்கு யோசித்து அடிக்கவில்லை. பத்து நாற்பத்துநான்குக்கே அடித்து வைத்துவிட்டேன். சாவி ஃபைலைச் சர்வீஸின் குழுவுக்குக் கொடுக்க வேண்டும், அந்தக் குழு படிக்கலாம் என்று ஆக்க வேண்டும், உடனே கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும். மூன்றையும் ஒரே வரியில் சேர்த்திருந்தேன். என்டர் மட்டும் தட்ட வேண்டியிருந்தது. அந்தப் பெண் முதல் முறை கூப்பிட்டபோது அந்த வரி என் முன்னால் இருந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டபோதும் இருந்தது. துணியை இறுக்கிக் கட்டச் சொன்னபோது என் வலது கை விரல் அந்த விசையின் மேலேயே இருந்தது. என் லேப்டாப்பைக் கொண்டுவந்திருக்கிறேன், இதோ இருக்கிறது. ஒவ்வொரு விசையும் எந்த நேரத்தில் தட்டப்பட்டது என்று அதில் பதிவாகியிருக்கிறது. தெரிந்த ஆளாகப் பார்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நாற்பத்தைந்து நிமிடம். கொன்றேன் என்று வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.